லேமினேஷன் கடையில் இரண்டு கொக்குகள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஜப்பான் தினகரன் கடை எது என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் கை காட்டுவார்கள். காட்டிவிட்டு, "பையனை அனுப்பப் போறியா?" என்றும் கேட்பார்கள். தினகரன் ஜப்பானுக்கு ஆள் அனுப்புகிறவர் என்பது ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அவர் ஜப்பானுக்குப் போனதில்லை. விமான நிலையத்துக்கே ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார், அதுவும் மைத்துனரை வழியனுப்ப. மைத்துனர் போனது துபாய்க்கு. ஜப்பான் மொழியில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. தெரியாததால் பேசாமல் இருக்கிறார். பேசாமல் இருப்பதால் பெரிய ஏஜெண்ட் என்று மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

உண்மையில் அவர் வைத்திருப்பது ஜெராக்ஸ், லேமினேஷன் கடை. கடையின் மூன்று சுவர்களிலும் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டிருக்கிறார். எல்லாம் ஜப்பான்காரர்கள் மரக்கட்டையில் செதுக்கி, சாயம் பூசி, காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுத்த படங்களின் நகல்கள். மழையில் பாலத்தைக் கடக்கிறவர்கள், பனியில் குடை பிடித்த பெண், கோபத்தில் கண்ணை உருட்டிய கூத்து நடிகன், மீன், பூனை. நூற்று நாற்பது படம். நூற்று நாற்பதும் லேமினேஷன் செய்யப்பட்டு, ரேஷன் கார்டு போலப் பளபளவென்று ஆடும்.

இந்தப் பித்து பிடித்ததற்குக் கலை ஆர்வம் காரணமில்லை. தொழில் பாசம். கடை போடுவதற்கு முன் தினகரன் பதினோரு வருடம் காஞ்சிபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருந்தார். நான்கு வண்ணத்துக்கு நான்கு தகடு. நான்கும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் மணப்பெண்ணுக்கு இரண்டு மூக்கு. உட்கார வைப்பது தினகரனின் வேலை. அதனால் அவருடைய கண் கெட்டுப்போயிற்று. தேர்தல் சமயத்தில் தெருவில் நடக்க முடியாது. சுவரொட்டிகளில் தலைவரின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு நழுவிக் கன்னத்தில் ஏறியிருக்கும். ஊரில் வேறு யாருக்கும் அது உறுத்தியதில்லை. தலைவரின் உதடு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

பத்து வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஏனாத்தூர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நிஷா என்ற பெண் ஏதோ புராஜெக்ட் என்று சொல்லி, ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்து மழைப் படம் ஒன்றை எடுத்துக் கலரில் பிரிண்ட் கேட்டாள். மழை, பாலம், ஓடும் ஜனங்கள். தாள் வெளியே வந்தது. தினகரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார்.

"இது எத்தினி பிளேட்டும்மா?"

"பிளேட் இல்ல அங்கிள், மரக்கட்டை. ஒவ்வொரு கலருக்கும் ஒரு கட்டை. பத்து, பதினஞ்சு கூட இருக்கும்."

"மெஷினு?"

"மெஷின்லாம் இல்ல. கையாலதான். அதுவும் ஈரத் தாள்ல."

ஈரத் தாள் நீளும், சுருங்கும். அதைப் பதினைந்து தடவை கட்டையில் வைத்து எடுத்தும் மழைக் கோடு ஒன்று கூட விலகவில்லை. தினகரன் கோடு கோடாகப் பார்த்துவிட்டுத்தான் தாளைக் கொடுத்தார். அன்றைக்கே தேடிப் படித்தார். ஒவ்வொரு கட்டையின் மூலையிலும் ஒரு சின்ன வெட்டு; தாளின் முனை அதில் முட்டி நிற்கும்; அவ்வளவுதான் சூட்சுமம். பிரஸ்ஸில் அவர் தகட்டுக்குத் தகடு பொருத்திப் பார்த்த கூட்டல் குறியின் பாட்டன் அது. "அட, நம்மாளுங்க!" என்று வாய்விட்டுச் சொன்னார். கடையில் இருந்தவர்கள், அவருக்கு ஜப்பானில் சொந்தக்காரர்கள் இருப்பதாக அன்று முடிவு செய்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவருடைய படிப்பு தடங்கலில்லாமல் நடந்தது. அருங்காட்சியகங்கள் படங்களைச் சும்மாவே இறக்கிக்கொள்ள விடுகின்றன. திரையில் பெரிதாக்கிக்கொண்டே போவார். வானத்தில் மரத்தின் ரேகை தெரியும் வரை போவார். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரக்கோடு எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்து, இது முதலில் அடித்தது, இது கட்டை தேய்ந்தபிறகு அடித்தது என்பார். வானம் மேலே கருநீலமாகத் தொடங்கிக் கீழே ஒன்றுமில்லாமல் கரைவது எப்படி என்று ஒரு மாதம் குழம்பினார். சமையல் மேடையில் சிந்திய மஞ்சளை மனைவி சசிரேகா ஈரத்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தபோது விடை கிடைத்தது. கட்டையில் சாயத்தை வைத்து ஈரத்தோடு ஒரு பக்கமாக இழுத்தால் அப்படித்தான் கரையும்.

"அப்பிடியே நில்லு. தொடைக்காத," என்றார்.

"இன்னாய்யா, பல்லியா?" என்று சசிரேகா குதித்தார்.

சசிரேகாவுக்கு அந்தப் படங்களோடு பெரிய பகை கிடையாது. "ஒரு பொம்பளைக்கும் புருவம் ஒழுங்கா இல்ல. இதுங்களப் போயி லென்ஸ் வச்சிப் பாக்கற. வூட்ல நான் புதுக் கம்மல் போட்டு நாலு நாளாவுது," என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பார்த்ததெல்லாம் படத்தின் படம். அசல் ஒன்றைக்கூடத் தினகரன் கண்டதில்லை. அது பற்றிக் குறையும் சொன்னதில்லை. உத்திரமேரூரில் இருந்துகொண்டு கேட்கிற பொருளா அது?

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, பதினோரு மணிக்கு, மானாம்பதியிலிருந்து பிரிஸ்கில்லா என்ற பெண் தினகரன் கடைக்கு வந்தார். ஷூ கம்பெனியில் வேலை. வெட்டிய தோலை விரலால் தடவிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் பிரிவு. கணவர் ஆல்பர்ட், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஜப்பான்கார மேனேஜருக்குக் கார் ஓட்டியவர். அந்த மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது ஆல்பர்ட்டிடம் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலனியில் புதிதாகக் கட்டிய வீட்டில் மறுநாள் சாயங்காலம் ஜெபக்கூட்டம். போதகர் வருகிறார், சொந்தம் எல்லாம் வருகிறது. படம் சுவரில் இருக்கவேண்டும்.

"ணா, பெரிய சைஸ் லேமினேஷன். நல்ல கெட்டியா போடு. 'பத்திரமா வை'ன்னு எங்காளு சொல்லிட்டுப் போயி கீறாரு," என்று படத்தைச் சுற்றியிருந்த மெல்லிய தாளைப் பிரித்தார்.

சாம்பல் நிற வானம். விழுகிற பனி. ஒரு வளைந்த கிளையில் இரண்டு வெள்ளைக் கொக்குகள்.

தினகரனுக்கு முதலில் தெரிந்தது வானம். கரைந்திருந்தது, கரைந்த இடத்தில் மர ரேகை ஓடியது. தாள் வழவழப்பாக இல்லை, நார் தெரிந்தது. பிரிஸ்கில்லா கையில் இருந்த தாளுக்குக் கீழே குனிந்து பின்பக்கம் பார்த்தார். சாயம் ஊறி இறங்கியிருந்தது. அசல். கையால் அடித்தது. அவருடைய கடையில், தாசில்தாருக்கு எழுதிய மனுவுக்கும் ஆதார் நகலுக்கும் நடுவில்.

இந்த இடத்தில் ஒரு விவரமுள்ள மனிதர், "அம்மா, இது லேமினேஷன் போடக் கூடாத படம், ஏனென்றால்" என்று தொடங்கியிருப்பார். தினகரன் வாயில் வந்தது இதுதான்:

"இதுக்குப் போட முடியாதும்மா."

"ஏன், மெஷினு ரிப்பேரா?"

"இல்ல."

"சுவரு பூரா உன் படம் போட்டு வச்சிக்கினு கீற. எல்லாம் லேமினேஷன். எங்க வூட்டுப் படம்னா மட்டும் உன் மெஷினு சூடாவாதா?"

கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் ஜெராக்ஸை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்கள். காலனியிலிருந்து வந்தவர்களுக்கு 'முடியாது' என்று சொல்வதற்கு இந்த வட்டாரத்தில் ஒரு பழைய காரணம் உண்டு. அதை யாரும் வாயால் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். தினகரனுக்கும் தெரியும். பதறிப்போனார். பதற்றத்தில், சொல்லவே கூடாததைச் சொன்னார்:

"அது இல்லம்மா... ஒரு ரெண்டு நாளு இத எங்கிட்டயே வுட்டுட்டுப் போயேன்."

"ஓ, அப்பிடியா சங்கதி!" பிரிஸ்கில்லா படத்தைச் சுருட்டாமல், மடிக்காமல், தட்டையாக, பலகாரத் தட்டு போல ஏந்திக்கொண்டு வெளியேறினார். எதிர்ப்பக்கம் பீட்டர் கடை. அங்கேயும் லேமினேஷன் மெஷின் உண்டு.

தினகரன் இரண்டு விநாடி நின்றார். பிறகு ஓடினார். கடையைத் திறந்து போட்டுவிட்டு, லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, வந்தவாசி பேருந்துக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தார். ஓட்டுநர் சொன்னதை இங்கே அச்சிட வேண்டாம். கன்னியப்பன் என்ற விவசாயி, தன் நிலத்துச் சிட்டா நகலுக்காகக் காத்திருந்தவர், சிட்டாவை விட இது முக்கியம் என்று கண்டு பின்னாலேயே வந்தார்.

பீட்டர் மெஷினைப் போட்டுவிட்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "அஞ்சு நிமிஷம்கா. சூடேறி பச்சை வந்ததும் வுட்டுரலாம்." பிளாஸ்டிக் உறையைப் பிளந்து படத்தை உள்ளே பாதி செருகியும் விட்டார்.

"பீட்டரு, நிறுத்து!"

"இன்னாணா, கஸ்டமரைத் தொரத்திக்கினு வர? நான் உன் கடைக்கு வந்து இப்பிடிக் கத்துனா நல்லாருக்குமா?"

"ரெண்டு நிமிஷம். அம்மா, நான் சொல்றத மட்டும் கேளு. கேட்டுட்டு உன் இஷ்டம்."

பிரிஸ்கில்லா கையைக் கட்டிக்கொண்டார். "சொல்லு."

தினகரன் பீட்டர் கையில் இருந்த படத்தின் பின்பக்கத்தைச் சுட்டிக் காட்டினார். "சாயம் ஊறி இறங்கி கீது பாரு. கையால தேச்சி எடுத்தாதான் இப்பிடி வரும்."

"அப்போ டேமேஜு பீஸா?"

"ஐயோ, இல்லம்மா! இந்தா லென்ஸ். மொதல்ல பீட்டர் கடை காலண்டரப் பாரு. மெஷின்ல அடிச்சது, புள்ளி புள்ளியா தெரியுதா? இப்போ இந்தக் கிளையப் பாரு."

பிரிஸ்கில்லா பார்த்தார். "புள்ளி இல்ல."

"அதான்!"

"புள்ளி இல்லாததுக்கா பஸ்ஸுல அடிபடப் பாத்த?"

கன்னியப்பன் உள்ளே புகுந்தார். "தினகரா, நேரா விஷயத்துக்கு வா. எவ்ளோ போவும்?"

பீட்டரும் நிமிர்ந்தார். சிவப்பு விளக்கைக்கூட ஒரு கணம் யாரும் பார்க்கவில்லை. ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருந்தால் கொக்குகள் அப்போதே பிழைத்திருக்கும். தினகரன் யோசித்தார். பத்து வருடம் படித்த படிப்பு அவரைப் பொய் சொல்ல விடவில்லை.

"ரொம்பப் பழசு மாதிரி தெரியல. பழைய முறையில இப்போ அடிச்சது. பெரிய வெலைலாம் இருக்காதுன்னு நெனைக்கிறேன்."

"தூத்தேரி!" என்றார் கன்னியப்பன். "இதுக்கா நான் சிட்டாவ வுட்டுட்டு வந்தேன்?"

பிரிஸ்கில்லா முகத்தில் இருந்த கோபம் குழப்பமாக மாறியது. "ணா, வெலையும் இல்லன்ற. அப்புறம் இன்னாதான் பேஜாரு உனுக்கு? எங்காளு பத்திரமா வைக்கச் சொன்னாரு. வெறுந்தாளா மாட்டுனா புழு அரிச்சிடும், பல்லி பூந்துடும். பத்தாவது மார்க் ஷீட்டு, ஞானஸ்நானச் சீட்டு, எல்லாம் லேமினேஷன் போட்டுத்தான் வச்சிக்கினு கீறோம். மதிப்பான காயிதத்துக்குத்தான் லேமினேஷன். சும்மாங்காட்டி தாளுக்கு யாரு போடுவாங்க?"

இந்த விதியை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே தினகரனின் மெஷின்தான்.

பச்சை விளக்கு எரிந்தது.

பீட்டர் உறையை நேராகப் பிடித்தார். "வுடட்டுமாகா?"

"அம்மா," என்றார் தினகரன். குரல் இறங்கியிருந்தது. "பத்து வருஷமா இதுங்களப் பாத்துக்கினு கீறேன். எல்லாம் கம்ப்யூட்டர்ல. ஒண்ணக்கூடத் தொட்டது கெடையாது. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா தொட்டுட்டுக் குடுத்துடறேன்."

பிரிஸ்கில்லா அவரைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அந்த ஆள் ஒரு புரிகிற விஷயத்தைச் சொல்லியிருந்தார். "தொட்டுக்கோணா. அதுக்கு இன்னா?" என்றவர், உடனே, "இரு, இரு! கையக் காட்டு!" என்றார்.

பத்து விரலும் கறுப்பு. காலையில் ஜெராக்ஸ் மெஷினில் டோனர் மாற்றியிருந்தார். தண்ணீரில் கழுவினாலும் போகாத கறுப்பு. தினகரன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெஷின் உர்ரென்று காத்திருந்தது.

"சரி, அழுவாத. நான் தொட்டுச் சொல்றேன்," என்றார் பிரிஸ்கில்லா.

படத்தை உறையிலிருந்து உருவி மேசையில் வைத்தார். வலது கை நடுவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். கம்பெனியில் அப்படித்தான், கண் திறந்திருந்தால் விரல் சோம்பேறியாகிவிடும். வானத்தின் ஓரத்தில் தொடங்கினார்.

"இங்க சும்மா கீது... சொரசொரப்பு, நல்ல தாளு... இது கிளை... இங்க..." விரல் நின்றது. திரும்பிப் பின்னால் போயிற்று. மறுபடி வந்தது. "இன்னா இது? இறகு கீது."

"எங்க?"

"கொக்கு மேல. வரி வரியா. ஒவ்வொரு இறகா கீது ணா."

"இருக்காதும்மா. கொக்குக்கு அவனுங்க ஒண்ணும் செய்ய மாட்டானுங்க. தாளோட வெள்ளைய அப்பிடியே வுட்டுருவானுங்க," என்றார் தினகரன். இதை அவர் நன்றாக ஆராய்ந்து வைத்திருந்தார். தன் சுவரில் இருந்த கொக்குப் படங்கள் எல்லாவற்றையும் 'வேலைக்கு வளையாதவன் போட்டது' என்று ஒரு மூலையில் தள்ளியும் வைத்திருந்தார்.

"உன் கண்ணு ஆயிரம் சொல்லும். நான் ஒரு நாளிக்கு நானூறு தோலு தடவறவ. கீதுன்னா கீது."

பிரிஸ்கில்லா கண்ணைத் திறந்து, படத்தை இரண்டு கையாலும் தூக்கி, தெரு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தார்.

இறகுகள் எழுந்தன. கழுத்தில் பொடி இறகு, சிறகில் நீள இறகு, வாலில் நுனி பிரிந்த இறகு. ஒரு சொட்டுச் சாயம் இல்லாமல், வெறும் கட்டையை அழுத்தியே வெள்ளையில் வெள்ளையாக அவற்றை எழுப்பியிருந்தார்கள். சாயமில்லா அச்சு என்று ஒன்று இருப்பதாகத் தினகரன் எங்கோ படித்திருக்கிறார். ஆனால் அருங்காட்சியகப் படங்களுக்கு நேர் வெளிச்சம் போட்டுத்தான் எடுப்பார்கள். நேர் வெளிச்சத்தில் கொக்கு மொட்டையாகத்தான் தெரியும். பத்து வருடம் மொட்டைக் கொக்குகளையே பார்த்து, செதுக்கியவனைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறார்.

கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். "அடடே! வயல்ல நிக்கிறாப்புலயே கீது!"

"பீட்டரு," என்றார் பிரிஸ்கில்லா, "இத மெஷின்ல வுட்டா இந்த இறகு இன்னா ஆவும்?"

பீட்டர் வியாபாரிதான்; ஆனால் ஞாயிறுதோறும் சர்ச்சில் பிரிஸ்கில்லாவுக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். "சூடு, அழுத்தம் ரெண்டும் சேந்து வுழும்கா. தட்டை ஆயிடும்."

"ஆஃப் பண்ணு."

பச்சை விளக்கு அணைந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா ணா உனுக்கு?"

"எனக்கே இப்பதாம்மா தெரியும்," என்றார் தினகரன். பத்து வருடத்தில் அவர் சொன்ன வாக்கியங்களிலேயே அதிக சந்தோஷமானது அதுதான்.

மறுநாள் மானாம்பதியில் ஜெபக்கூட்டம். தினகரனும் சசிரேகாவும் சட்டத்தோடு போனார்கள். கண்ணாடி படத்தின் மேல் உரசாமல் நடுவில் இடைவெளி விட்டு, சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் சொல்லிச் செய்த சட்டம். ஆனால் பிரிஸ்கில்லா, கூட்டம் முடியும் வரை சட்டத்துக்குள் போடக் கூடாது என்றுவிட்டார். கண்ணாடிக்குள் போனால் இறகு சரியாகத் தெரியாதே! மேற்குப் பார்த்த ஜன்னலோரம் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதில் படம். மஞ்சள் வெயில் பக்கவாட்டில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

ஜெபம் முடிந்தது. பிரியாணிக்கு முன்னால் படம் என்பது பிரிஸ்கில்லாவின் உத்தரவு. பிரியாணிக் கையோடு யாரும் மேசைப் பக்கம் வந்துவிடக் கூடாது. வரிசை வைத்தார். ஆல்பர்ட் வாசலில் நின்று, மேனேஜர் எப்படி இரண்டு கையாலும் குனிந்து கொடுத்தார் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கொக்கு. சரி," என்று சொல்லி நகரப் பார்த்தார் ஒரு மாமா.

"மாமோவ், நில்லு. குனி. இன்னும் கீழ. தலைய வலது பக்கமா சாயி. தெரியுதா?"

"இன்னா தெரி... ஏய், ஆமாண்டி! றெக்கை!"

"தொடாத!" படீரென்று கையில் ஒரு அடி. "நான் மட்டும்தான் தொடுவேன். எனுக்கு டிரெய்னிங் கீது."

போதகர் வந்தார். குனிந்தார். தலையை வலது பக்கம் சாய்த்தார். அவர் நிமிர அதிக நேரம் ஆயிற்று. பின்னால் இருந்தவர்கள் இருமினார்கள். சிட்டா வாங்க மறந்த கன்னியப்பனும் அழைப்பில்லாமலேயே வந்து, தான்தான் கண்டுபிடித்ததைப் போலப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினார். சசிரேகா குனிந்தார், சாய்ந்தார், "இதுக்குப் புருவம் தேவையில்ல," என்று சான்றிதழ் கொடுத்தார்.

தினகரன் ஓரமாக நின்று பார்த்தார். முப்பது, முப்பத்தைந்து பேர். ஒவ்வொருவராக மேசைக்கு வந்து, முட்டியில் கைவைத்துக் குனிந்து, ஒரே கோணத்தில் தலையைச் சாய்த்தார்கள். பத்து வருடமாக உத்திரமேரூரில் அப்படிச் சாய்ந்த தலை ஒன்றே ஒன்றுதான். அது எதற்குச் சாய்கிறது என்று ஊருக்குத் தெரியாது. இப்போது மானாம்பதி காலனியே சாய்ந்துகொண்டிருந்தது.

அவர் முறை வந்தது. முந்தின இரவு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்த விரல்களைப் பிரிஸ்கில்லா திருப்பித் திருப்பிச் சோதித்தார். "ஒரு தபா. சுண்டு விரலு மட்டும்," என்றார். தினகரன் சுண்டு விரலைக் கொக்கின் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னா ணா, தூங்கிட்டியா? பின்னாடி ஆளு கீது."

தினகரன் நகர்ந்தார். உள்ளே இலை போட்டுவிட்டார்கள், பிரியாணி வாசனை வந்துவிட்டது, சசிரேகா கூப்பிட்டார். அவர் நேராக வாசலுக்குப் போய், வரிசையின் கடைசியில் நின்றிருந்த பீட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டார். மேசைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் தாழ்ந்திருந்தது. வாலில் ஓர் இறகு, போன தடவை தெரியாதது, எழுந்திருந்தது.

"ணா, நீ ரெண்டாவது தபா வர."

"தெரியும்மா," என்று சொல்லிவிட்டு, குனிந்து தலையைச் சாய்த்தார்.